தொழுநோயின் நிழலில் வாழ்ந்த தோல்நோய்

உடலை வருத்தும் நோய்கள் பல. அவற்றுள் சில, உடலை வருத்துவதோடு நில்லாமல், நோயுற்றவரை ஊராரிடமிருந்தும் பிரித்துவிடுகின்றன. அத்தகைய நோய்களுள் ஒன்று சொரியாசிஸ். இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆயினும் நெடுங்காலம் இந்நோயுற்றோர் அஞ்சி ஒதுக்கப்பட்டனர். நோயின் கொடுமையைவிட அதற்கு இடப்பட்ட பெயரே அதற்குப் பெருங்காரணம் எனலாம். வேறொரு நோயின் பெயர் இதன்மேல் விழுந்தது. அப்பெயரோடு அந்நோய்க்குரிய அச்சமும் வந்து சேர்ந்தது. அப்பெயரை அகற்ற அறிஞர் பட்ட பாடும், பின்னர் இந்நோய்க்கு மருந்து கண்ட வகையும் தமிழாசிரியரும் மாணவரும் அறிந்துகொள்ளத்தக்கன.

நோயின் இயல்பு

முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடித்துப் படைபடையாகத் தோன்றும். அப்படைகளின்மேல் வெள்ளி போன்ற செதில்கள் படிந்து உதிரும். கறுத்த மேனியில் இப்படைகள் ஊதா நிறமாகவோ கருமை கலந்தோ காணப்படுவதும் உண்டு. நகங்களில் ஊசி குத்தினாற்போலச் சிறு குழிகள் விழும். சிலருக்கு அரிப்பு மிகுதி. சிலருக்கு வெடிப்பும் நோவும். நோயாளருள் ஒரு பகுதியினருக்கு மூட்டுகளிலும் வீக்கமும் வலியும் உண்டாகும். சில காலம் அடங்கியிருந்து மீண்டும் தலைகாட்டுவது இந்நோயின் வழக்கம். குடும்பவழியாக வரும் இயல்பும் இதற்கு உண்டு. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் குறைந்தது 10 கோடிப் பேர் இந்நோயுற்றிருப்பதாக மதிப்பிட்டது.

பெயரால் நேர்ந்த குழப்பம்

பண்டைக் கிரேக்க மருத்துவர் செதில் உதிரும் தோல்நோய்கள் பலவற்றையும் ‘லெப்ரா’ என்று அழைத்தனர். செதில் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். அரிப்பைக் குறிக்க அவர்களிடம் ‘சோரா’ என்ற சொல் வழங்கிற்று. அச்சொல்லின் அடியாகவே சொரியாசிஸ் என்ற பெயர் தோன்றியது. தமிழிலுள்ள ‘சொறி’ என்ற சொல்லோடு இதற்குள்ள ஒலி ஒற்றுமை தற்செயலானதே. இரண்டையும் ஒருவேர்ச் சொற்கள் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர் சொரியாசிஸ் என்ற சொல்லை எடுத்தாண்டார். ஆனால், அவர் அதனால் குறித்தது கண்ணிமை முதலிய இடங்களில் அரிப்போடு தோன்றும் வேறொரு நோயை. ஆக, பெயர் இருந்தது; அது இந்நோயைக் குறிக்கவில்லை. நோயும் இருந்தது, அதற்குத் தனிப்பெயர் இல்லை.

குழப்பம் இதனோடு நிற்கவில்லை. எபிரேய மறைநூலில் தூய்மையற்றதாகக் கருதப்பட்ட தோற்றங்களைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு. அந்நூலைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அச்சொல்லுக்கு ஈடாக ‘லெப்ரா’ என்பதை அமைத்தனர். உண்மையான தொழுநோய்க்குக் கிரேக்கர் இட்ட பெயரோ யானையின் பெயரையொட்டிய வேறொன்று. பின்னர், கி.பி. 11ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவ நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, அரபியர் தொழுநோய்க்கு வழங்கிய சொல்லும் ‘லெப்ரா’ என்றே ஆயிற்று. இவ்வாறு மொழிபெயர்ப்பாளர் கைகளில் ஒரே சொல், சமயத்தில் தீட்டையும், மருத்துவத்தில் தொழுநோயையும், பழைய நூல்களில் சாதாரணச் செதில்நோயையும் சேர்த்துச் சுமக்கலாயிற்று. ஒரு சொல்லைப் பொருளறியாமல் பெயர்த்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமோ?

இடைக்கால ஐரோப்பாவில் தொழுநோயர் எனப்பட்டோர் ஊருக்குப் புறத்தே வாழ்ந்தனர். தம் வருகையை அறிவிக்க மணியோ மரக்கட்டையோ ஒலித்துக்கொண்டு செல்லுமாறு பல இடங்களில் பணிக்கப்பட்டனர். 1179ஆம் ஆண்டில் கூடிய மூன்றாம் இலாத்தரன் திருச்சங்கம் அவர்களுக்குத் தனிக் கோயிலும் தனி இடுகாடும் வகுத்தது. அவ்வாறு ஒதுக்கப்பட்டவருள் சொரியாசிஸ் போன்ற பிற தோல்நோய் உற்றவர்களும் இருந்திருப்பர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

பல நோய்களை ஒரு பெயருள் அடக்குதல் மேனாட்டார்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. இந்திய மருத்துவ நூல்களும் தோல்நோய்களைக் ‘குட்டம்’ என்னும் பொதுப்பெயரால் தொகுத்து, அதனைப் 18 வகையாகப் பகுத்தன. அவ்வகைகளுள் தொழுநோயும் அடங்கும். செதில் உதிரும் படைகளும் அடங்கும். மருத்துவன் அவற்றின் வேறுபாட்டை அறிவான். ஊர்வழக்கிலோ ‘குட்டம்’ என்றால் தொழுநோய் என்ற ஒரு பொருளே நின்றது. இன்றைய சித்த மருத்துவர் சொரியாசிஸைக் ‘காளாஞ்சகப் படை’ என்று தனிப்பெயரிட்டு வழங்குகின்றனர். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயிலிட்டு வெயிலில் வைக்க, அவ்வெண்ணெய் ஊதா நிறம் பெறும். அத்தைலத்தை அவர்கள் இந்நோய்க்குப் பூசிவருவது பலரும் அறிந்ததே.

கண்ணால் கண்டு பிரித்தவர்கள்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரத்து ஏழையர் மருந்தகம் ஒன்றில் இராபர்ட் வில்லன் என்னும் மருத்துவர் பணியாற்றினார். தோல்நோய்களின் பெயர்கள் நூலுக்கு நூல் வேறுபட்டுக் கிடந்ததைக் கண்ட அவர், செடிகொடிகளை இனம் பிரிக்கும் அறிஞரைப் போலத் தோல்நோய்களையும் இனம் பிரிக்கத் தொடங்கினார். கொப்புளம், பரு, புள்ளி, செதில் எனக் கண்ணுக்குப் புலனாகும் வடிவங்களைக் கொண்டு எட்டுப் பிரிவுகளை வகுத்தார். 1808ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலில் சொரியாசிஸ் நோயின் தோற்றம் தெளிவாகத் தீட்டப்பட்டுள்ளது. ஆனால், அவரும் பழம்பெயரின் பிடியிலிருந்து முற்றும் விடுபடவில்லை. இந்நோயின் ஒரு வடிவத்திற்குக் ‘கிரேக்கரின் லெப்ரா’ என்றே பெயரிட்டார்.

அப்பெயரை அறுத்தெறிந்தவர் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் பணிபுரிந்த பெர்டினாண்டு எப்ரா ஆவார். வில்லன் இரண்டாகக் கூறியவை ஒரே நோயின் இரு தோற்றங்களே என்றும், அந்நோய்க்கும் தொழுநோய்க்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்றும் 1841ஆம் ஆண்டில் அவர் நிலைநாட்டினார். ‘லெப்ரா’ என்ற சொல் சொரியாசிஸிலிருந்து நீக்கப்பட்டது அப்போதுதான். 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின், இவ்வேறுபாடு ஐயத்திற்கு இடமின்றி உறுதிப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரெசுலாவு நகரத்து மருத்துவர் என்ரிக் கோப்னர் மற்றோர் உண்மையைக் கண்டார். அவரிடம் வந்த நோயாளி ஒருவருக்குத் தோல் சிராய்ந்த இடத்திலும், குதிரை கடித்த இடத்திலும், பச்சை குத்திய இடத்திலும் புதிய படைகள் எழுந்தன. 1872ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். காயம் பட்ட இடத்தில் நோய் எழும் இவ்வியல்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. படையைச் சொறிவதும் செதிலைப் பிய்ப்பதும் கூடாது என்று மருத்துவர் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நஞ்சை உண்ட காலம்

பெயர் தெளிந்தது, மருந்து தெளியவில்லை. 1786ஆம் ஆண்டில் தாமசு பவுலர் என்னும் ஆங்கில மருத்துவர் பாடாணத்தைக் கரைத்துக் காய்ச்சலுக்கு ஒரு மருந்து அமைத்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே மருந்து சொரியாசிஸ் நோய்க்கும் கொடுக்கப்பட்டது. பலருக்குப் படைகள் மறைந்தன. ஆகவே, ஆண்டுக்கணக்கில் அதனைப் பருகினர். ஆனால், உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் ஆணி போன்ற தடிப்புகள் தோன்றின. அவற்றுள் சில புற்றாக மாறின. நெடுநாள் பாடாணம் உண்ட நோயாளரிடம் இக்கேடு விளைவதை இலண்டன் மருத்துவர் சொனாதன் அட்சின்சன் 1880களின் பிற்பகுதியில் எடுத்துக்காட்டினார். ஆயினும் அம்மருந்து 20ஆம் நூற்றாண்டிலும் சில காலம் வழக்கிலிருந்தது. தோலைத் தெளிவாக்கும் மருந்தெல்லாம் உடலுக்கு நன்மை செய்யும் மருந்தாகிவிடாது என்பதை மருத்துவ உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது.

கோவாத்தூள்

அடுத்த மருந்து வந்த வழி வியப்பிற்குரியது. பிரேசில் நாட்டு மரம் ஒன்றின் உட்பகுதியில் மஞ்சள் நிறத்தூள் விளையும். போர்த்துக்கீசியர் தம் கப்பல்களில் அதனைக் கோவாவிற்குக் கொண்டுவந்தனர். அங்கிருந்து பம்பாய்க்கும் கீழை நாடுகளுக்கும் அது பரவிற்று. படர்தாமரைக்கு மருந்தாகப் பூசப்பட்ட அத்தூளுக்குப் பிறந்த நாட்டின் பெயர் வழங்கவில்லை; வந்த துறைமுகத்தின் பெயரே நிலைத்துக் ‘கோவாத்தூள்’ ஆயிற்று. 1876ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் பால்மன்னோ சுகுவயர் அத்தூள் சொரியாசிஸ் படைகளையும் போக்குவதாக அறிவித்தார். மேனாட்டு மருத்துவமனைகள் அதனை ஆவலோடு ஏற்றன.

முதல் உலகப் போர் மூண்டபோது கடல்வழி அடைபட்டது. பிரேசில் நாட்டுத் தூள் செர்மனிக்கு எட்டவில்லை. ஆகவே, அந்நாட்டு வேதியியலார் அத்தூளின் சாரத்தை ஒத்த ஒரு பொருளைச் செயற்கையாக ஆக்கினர். மருத்துவர் கலெவ்ஸ்கி, உன்னா ஆகியோர் 1916ஆம் ஆண்டில் அதன் பயனை வெளியிட்டனர். ‘தித்ரனால்’ என்று பின்னர் பெயர் பெற்ற அம்மருந்து தோலையும் துணியையும் கறைப்படுத்தும், எரிச்சலும் தரும். ஆனாலும், பாடாணத்தைப்போல உயிரை வாங்காது.

1925ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கோக்கர்மன் நிலக்கரித் தாரைப் பூசிப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும் முறையை வகுத்தார். 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்சு நகரத்து மருத்துவர் இங்ராம், தார்க்குளியல், கதிர், தித்ரனால் மூன்றையும் இணைத்தார். நோயாளர் பல வாரங்கள் மருத்துவமனையில் தங்கி இச்சிகிச்சை பெற்றனர்.

சென்னையில் கற்றவர் தந்த கொடை

1895ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், கதராடை அணிந்ததால் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாமல் அதனினும் தாழ்ந்த சான்றிதழே பெற்றார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் கற்பித்தபின் 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று, ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலும், பின்னர் லெடர்லே மருந்து நிறுவனத்திலும் ஆராய்ச்சி நடத்தினார்.

அணுக்கள் பெருகுவதற்குப் போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்து இன்றியமையாதது. அதனைப் போலவே உருவமைந்து, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களைச் சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு ஆக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948ஆம் ஆண்டில் அதன் பயனை வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார்.

1951ஆம் ஆண்டில் கப்னர் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் அமினோப்டெரினைக் கீல்வாதத்திற்கு ஆராய்ந்தனர். அப்போது எதிர்பாராத வகையில் சொரியாசிஸ் படைகள் மறைவதைக் கண்டனர். பின்னர் அதனினும் தீங்கு குறைந்த மெதோட்ரெக்சேட் அதன் இடத்தைப் பிடித்தது. 1958ஆம் ஆண்டில் எட்மண்ட்சன், கை ஆகிய மருத்துவர் அதனைச் சொரியாசிஸ் நோய்க்குப் பயன்படுத்திய செய்தியை வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் கடுஞ்சொரியாசிஸ் நோய்க்குக் குறைந்த செலவில் கிடைக்கும் மருந்து அதுவே. வாரத்திற்கு ஒரு முறை மட்டும் உண்ணவேண்டிய அதனை நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு, கருவுற்றோர் உண்ணலாகாது, கல்லீரலையும் குருதியையும் அவ்வப்போது சோதித்தல் வேண்டும். தம் ஆராய்ச்சி இத்தனை கோடித் தோல்நோயாளர்க்கு உதவும் என்பதைச் சுப்பாராவ் கண்ணால் காணவில்லை.

கார்போக அரிசியும் கதிரொளியும்

தமிழர் இல்லங்களில் குளியலுக்குரிய வாசனைப் பொடியில் கார்போக அரிசி சேர்ப்பதுண்டு. தோலில் தோன்றும் வெண்புள்ளிகளுக்கு இந்திய மருத்துவர் நெடுங்காலமாக அதனை வழங்கிவந்தனர். 1933ஆம் ஆண்டில் இந்திய வேதியியல் அறிஞர் மூவர் அவ்விதையை ஆராய்ந்து, அதிலுள்ள ஒரு பொருளைப் பற்றி வெளியிட்டனர். செடியின் இலத்தீன் பெயரையொட்டி அது ‘சொராலென்’ எனப்பட்டது. அப்பொருள் தோலைக் கதிரொளிக்கு மிகுதியாக வயப்படுத்தும் ஆற்றலுடையது.

எகிப்து நாட்டில் அதே இனப்பொருளைக் கொண்ட வேறொரு செடியின் சாரம் வெண்புள்ளி நோய்க்குப் பயன்பட்டது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பாரிசும் அவர் குழுவினரும், இவ்வகைப் பொருளை உட்கொள்ளச் செய்து நீள்அலைப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்ச, சொரியாசிஸ் அடங்குவதைக் காட்டினர். அக்குழுவில் இந்தியாவில் பிறந்த மதுக்கர் பாதக்கும் இருந்தார். இம்முறையை நெடுநாள் கையாண்டால் தோற்புற்று உண்டாகக்கூடும் என்பது பின்னர் தெரிந்தது. அதனால், மாத்திரை வேண்டாத, குறுகிய அலைவரிசையுடைய கதிர்ச் சிகிச்சையே இன்று பெரிதும் கையாளப்படுகிறது. இவ்விதையை மிகுதியாகப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகும் என்பதையும் இங்கே கூறுதல் வேண்டும். பழம்பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

தோலின் குற்றமா, காவலரின் குற்றமா?

மேற்றோலின் அணுக்கள் அடியில் பிறந்து, மேலெழுந்து, உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் படையில் இப்பயணம் சில நாள்களிலேயே முடிந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் குவிந்து செதிலாகின்றன. இதனை அறிந்த 1960களின் அறிஞர், நோயின் முதல் தோலணுக்களிலேயே உள்ளது என எண்ணினர்.

1979ஆம் ஆண்டில் அவ்வெண்ணம் ஆட்டம் கண்டது. உறுப்பு மாற்று மருத்துவத்தில், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கப் பூஞ்சையொன்றிலிருந்து பெற்ற சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து பயன்பட்டுவந்தது. சொரியாசிஸ் சார்ந்த மூட்டுநோயாளருக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தபோது அவர்தம் தோற்படைகளும் விரைவில் மறைந்தன. எதிர்ப்பாற்றலை அடக்கினால் நோய் அடங்குகிறது. அவ்வாறாயின், நோயின் வேர் அங்கன்றோ இருத்தல் வேண்டும்? உடலைக் காக்கும் வெள்ளணுக்களே காரணமின்றித் தோலில் கிளர்ந்தெழுந்து, அணுக்களை விரைந்து பெருகத் தூண்டுகின்றன என்பது பின்வந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. கோட்டைக் காவலர் பகைவர் வராதபோதே போர்ப்பறை முழக்கினால் ஊர் என்னாகும்? அந்நிலையே தோலுக்கும் நேர்கிறது.

அக்காவலர் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் வேதித்தூதுகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. அவற்றைத் தனித்தனியே தடுக்கும் ஊசிமருந்துகள் 2000களில் வந்தன. 2015ஆம் ஆண்டு முதல் வந்தவை இன்னும் குறிதவறாமல் பாய்கின்றன. பல நோயாளருக்குத் தோல் முற்றிலும் தெளிவடைகிறது. ஆயினும் இவை நோயை வேரறுப்பதில்லை, அடக்கி வைக்கின்றன. விலையும் மிகுதி. ஆகவே, எளிய நோய்க்குக் களிம்புகளும், நடுத்தர நோய்க்குக் கதிரும் மெதோட்ரெக்சேட்டும், கடுமையானதற்கு இவ்வூசிகளும் எனப் படிப்படியாகவே மருத்துவர் செல்கின்றனர். மது, புகை, உடற்பருமன், தொண்டைப் புண், மனக்கவலை ஆகியன நோயைக் கிளறுவன. ஒரு வாரத்தில் அடியோடு போக்குவோம் என்று விற்கப்படும் பெயரறியா மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அதனைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னினும் கடுமையாகப் பாயும்.

எஞ்சி நிற்கும் பிணி

மருத்துவம் இவ்வளவு தூரம் வந்த பின்னரும் பழைய நிழல் முற்றிலும் அகலவில்லை. மலாயாவில் 1930ஆம் ஆண்டில் சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு திறக்கப்பட்டது. தோலில் ஒரு புள்ளி கண்டாலே மக்கள் நெஞ்சம் நடுங்கிய காலம் அது. தொழுநோய்க்கு இன்று முழுமையான மருந்து உண்டு. மருந்து உட்கொள்ளத் தொடங்கியவரிடமிருந்து அது பரவுவதும் விரைவில் நின்றுவிடும். எனவே, ‘இது தொழுநோயன்று; ஆகவே அஞ்சவேண்டாம்’ என்று மட்டும் சொல்லுதல் அரைகுறையான நீதியே ஆகும். தொழுநோயரையும் அவ்வாறு ஒதுக்கியிருத்தல் தகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

2014ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸ் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. தொற்றாத இந்நோயால் வாடுவோர் சமுதாயத்தில் இழிவுபடுத்தப்படுவதை அத்தீர்மானம் சுட்டிக்காட்டியது. வியன்னாவில் எப்ரா பெயரைப் பிரித்து 173 ஆண்டுகள் கழிந்தபின்னும் அப்படியொரு தீர்மானம் தேவைப்பட்டது என்பதைக் கருதுதல் தகும்.

முழங்கையில் படையுள்ள சிறுவன் ஒருவன் வகுப்பில் அமர்ந்திருக்கிறான் எனக் கொள்வோம். பக்கத்து மாணவன் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறான். நீச்சல் குளத்தில் மற்றப் பிள்ளைகள் விலகுகின்றனர். முடிதிருத்தும் கடையில் தயங்குகின்றனர். அச்சிறுவன் வெயிற்காலத்திலும் நீண்ட கைச்சட்டையே அணிகிறான். அவனுக்கு மருந்து தருவது மருத்துவர் கடமை. அவன் பக்கத்து நாற்காலி நகராமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் கடமை. அதற்குப் பெருநூல் எதுவும் வேண்டுவதில்லை. இந்நோயின் பெயரை வகுப்பில் தெளிவாகச் சொல்லி, இது தொற்றாது என்று விளக்கி, அச்சிறுவன் அருகில் தாமே சென்று அமர்ந்தால், பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்வர்.